வினாவும் விடையும்: அயர்லாந்துப் பெண்களின் வாய்மொழிப் பதிவுகள் (1947–2021)

முன்னுரை

ஆவணங்கள் உருவாகும் இடங்களில் பெண்களுக்கு இடமில்லாதபோது அவர்தம் வாழ்வை அறிய வாய்மொழியே பெருந்துணையாகிறது. அவ்வாய்மொழியும் தானே பிறப்பதில்லை. ஒருவர் வினவ, மற்றவர் விடை கூற, மூன்றாமவர் ஒருவர் அதனை எழுதி வைக்கிறார். வினவியவர் யார், எதற்காக வினவினார், விடையை எவ்வாறு எழுதினார், எழுதியதைப் பின்னர் யார் கையில் வைத்துக்கொண்டார் என்பவற்றைப் பொறுத்தே அவ்வுரை வரலாறாகிறது. அல்லது அடிக்குறிப்பாகச் சுருங்குகிறது. இவ்வுண்மையைத் தெளிவாகக் காட்டும் நாடுகளுள் ஒன்று அயர்லாந்து. அந்நாட்டில் 1947ஆம் ஆண்டு தொடங்கி அண்மைக் காலம் வரை பெண்களின் வாழ்க்கை, பணி, போராட்டம் ஆகியவை குறித்த உரைகளை அரசும் ஆய்வாளரும் ஊடகத்தாரும் வெவ்வேறு நோக்கங்களுடன் திரட்டியுள்ளனர். அவற்றுள் சிலவற்றை எடுத்துக்கொண்டு, வினாவின் தன்மை விடையை எவ்வாறு வரையறுத்தது என்பதையும், பெண்கள் அவ்வரையறையை எங்கெங்கு மீறினர் என்பதையும் ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. ஆய்வுக்குரிய கருவி

வினா விடை குறித்த சிந்தனை தமிழ் இலக்கண மரபில் தொன்றுதொட்டு வருவது. நன்னூல் வினாவை அறிவினா, அறியா வினா, ஐய வினா, கொளல் வினா, கொடை வினா, ஏவல் வினா என ஆறாகப் பகுக்கிறது. விடையைச் சுட்டு, மறை, நேர், ஏவல், வினாவெதிர் வினாதல், உற்றது உரைத்தல், உறுவது கூறல், இனமொழி என எட்டாகப் பகுக்கிறது. இவ்வெட்டனுள் முதல் மூன்றும் வினாவிற்கு நேராக அமைவன. ஏனைய ஐந்தும் வினவப்பட்டதை நேரே கூறாமல் வேறொன்றைக் கூறி அதன்வழி விடைப்பொருளை உணர்த்துவன.

இப்பகுப்பு தொடரிலக்கணத்தின் பாற்பட்டதே எனினும், வாய்மொழிப் பதிவுகளை ஆராய்வதற்கும் பெரிதும் பயன்படுகிறது. வினவுவோர் பெரும்பாலும் நேர் விடைகளையே எதிர்பார்க்கின்றனர். ஆண்டு, இடம், எண்ணிக்கை, பெயர் என்னும் அளவில் அவர்தம் தேவை நின்றுவிடுகிறது. வாழ்ந்தவரோ தமக்கு உற்றதை உரைக்கிறார். வினவப்பட்டதற்கு இனமான வேறொன்றைச் சொல்கிறார். சில வேளைகளில் வினாவையே மறுத்து எதிர்வினா எழுப்புகிறார். பதிவின் உண்மையான செல்வம் இப்பின்னைய ஐந்து விடைகளிலேயே பெரிதும் தங்கியுள்ளது என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

2. அரசு வினவிய காலம்

அயர்லாந்து விடுதலைப் போரில் பங்கேற்றோரின் நினைவுகளைத் திரட்டுவதற்காக 1947ஆம் ஆண்டு அந்நாட்டுப் பாதுகாப்பு அமைச்சர் ஆஸ்கர் டிரேனர் இராணுவ வரலாற்றுப் பணியகம் என்னும் அமைப்பை ஏற்படுத்தினார். 1957 வரை இப்பணியகம் 1,773 சாட்சியுரைகளைத் திரட்டியது. புலனாய்வு அலுவலர்கள் சாட்சிகளை நேரில் கண்டு உரையாடினர். சாட்சி கூறியது தட்டச்சு செய்யப்பட்டது. அதனைப் படித்து அவர் கையொப்பமிட்டார். ஆண்களோடு பெண்கள் பலரும் இவ்வாறு சாட்சியம் அளித்துள்ளனர். 1959இல் இவ்வுரைகள் அனைத்தும் பெட்டிகளில் இட்டுப் பூட்டப்பட்டன. 2003ஆம் ஆண்டிலேயே அவை பொதுமக்கள் பார்வைக்குத் திறக்கப்பட்டன.

இப்பணியகத்தின் எல்லை துல்லியமாக வகுக்கப்பட்டிருந்தது. ஐரியத் தொண்டர் படை தோன்றிய 25 நவம்பர் 1913 முதல் போர்நிறுத்தம் நடைமுறைக்கு வந்த 11 ஜூலை 1921 வரையிலான நிகழ்வுகளே அதன் பொருள். இவ்வெல்லை பெண்களைப் பொறுத்தவரை இரு முனைகளிலும் குறுகியது. 1913க்கு முன் நிகழ்ந்த பெண் வாக்குரிமைப் போராட்டம் இதனுள் அடங்கவில்லை. 1921க்குப் பின் நிகழ்ந்த உள்நாட்டுப் போரும் அடங்கவில்லை. கூமன் ந மான் என்னும் பெண்கள் அமைப்பு, ஆங்கில அரசுடன் செய்துகொண்ட உடன்படிக்கையைப் பிப்ரவரி 1922இல் 419க்கு 63 என்னும் வாக்கு வேறுபாட்டில் நிராகரித்தது. அதனைத் தொடர்ந்த உள்நாட்டுப் போரில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட பெண்கள் சிறைப்பட்டனர். பெண்கள் மிகுதியாகச் சிறைப்பட்ட அக்காலப் பகுதி, சகோதரச் சண்டையின் புண்ணைக் கிளற வேண்டாம் என்ற கருத்தில் வினாவிற்கு வெளியே நிறுத்தப்பட்டது.

சாட்சியுரையின் வடிவமும் கருதத்தக்கது. பெரும்பாலான உரைகளில் அலுவலர் கேட்ட வினாக்கள் இடம்பெறவில்லை. சாட்சி தானாகவே தொடர்ந்து பேசிச் சென்றதைப் போன்ற தோற்றத்தில் உரை அமைந்துள்ளது. எவ்விடத்தில் அவர் தூண்டப்பட்டார், எவ்விடத்தில் தயங்கினார் என்பதைப் படிப்போர் அறிய இயலாது. பணியகம் செய்தித்தாள்களிலிருந்தும் பிற மூலங்களிலிருந்தும் ஒரு கால வரிசையை முன்னரே ஆயத்தம் செய்திருந்தது. நிகழ்ச்சிகளின் வரிசையை அறிந்தவரே அதனை உறுதி செய்துகொள்ள வினவுவதால், இவ்வினாக்கள் அறியா வினாவை விட அறிவினாவிற்கே நெருங்கியவை எனக் கருத இடமுண்டு.

3. எல்லையை மீறிய விடைகள்

அரசு வகுத்த எல்லைக்குள் பெண்கள் அடங்கி நின்றனரா என்பது அடுத்து எழும் வினா. ஹெலனா மலோனியின் சாட்சியுரை இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. இவர் ஆபி நாடக அரங்கின் நடிகை. ‘அயர்லாந்தின் புதல்வியர்’ எனப் பொருள்படும் பெண்கள் அமைப்பின் உறுப்பினர். அவ்வமைப்பு நடத்திய ‘அயர்லாந்துப் பெண்’ என்னும் இதழின் ஆசிரியர். 1916 ஈஸ்டர் எழுச்சியில் டப்ளின் மாநகர மன்றக் கட்டடத்தில் போரிட்ட குடிமக்கள் படையினர். பணியகம் 1913இலிருந்து தொடங்கும் வரலாற்றை வினவியது. மலோனியோ 1903ஆம் ஆண்டு தாம் அப்பெண்கள் அமைப்பில் சேர்ந்ததிலிருந்து தொடங்குகிறார். அவ்வமைப்பை 1900இல் நிறுவிய மாட் கானின் சாட்சியுரையும் பணியகத்தின் தொடக்க ஆண்டிற்குப் பல்லாண்டுகள் முற்பட்ட செய்திகளைக் கூறுகிறது. படை திரண்ட ஆண்டு ஆண்களுக்குத் தொடக்கமாக இருக்கலாம். பெண்களின் பொதுவாழ்வு அதற்கு முன்னரே தொடங்கிவிட்டது என்பதை இவ்வுரைகள் வாதமின்றியே நிறுவுகின்றன. நன்னூலார் வழி நின்று கூறினால் இவை உற்றது உரைத்தலாகவும் இனமொழியாகவும் அமைந்த விடைகளாம்.

பணியகம் தோன்றுவதற்குப் பல ஆண்டுகள் முன்னரே மலோனி வினா ஒன்றைத் திருப்பி அடித்தவர் என்பதும் ஈண்டுக் குறிப்பிடத்தக்கது. கான்ஸ்டன்ஸ் மார்கிவிச்சின் வாழ்க்கை வரலாற்றை எழுதிய ஷான் ஓ ஃபௌலன், மார்கிவிச்சை இயக்கத்திற்குள் ஈர்த்த விதம் குறித்து அவரிடம் வினவினார். 1934இல் எழுதிய மறுமொழிக் கடிதத்தில் மலோனி அவ்வினாவின் அடிப்படையையே மறுத்தார். ஒரு பெண் தன் அறிவாலும் உணர்வாலும் ஒரு கொள்கையை ஏற்கக்கூடும் என்பதை ஆண்கள் பலரால் நம்ப இயலாதது வியப்பளிக்கிறது என்பது அவர் கருத்து. பெண்ணின் அரசியலுக்குப் பின்னால் யாரோ ஒருவரின் ஈர்ப்பு இருந்தே தீரும் என்னும் முற்கோள் அவ்வினாவில் பொதிந்திருந்தது. மலோனி விடை கூறுமுன் அம்முற்கோளை வெளிப்படுத்தினார்.

அரசு வினவிய மற்றொரு களம் ஓய்வூதியம். மார்கரெட் ஸ்கின்னிடர் 1916 எழுச்சியில் துப்பாக்கி ஏந்திப் போரிட்டுக் குண்டடிபட்டவர். இராணுவ ஓய்வூதியச் சட்டத்தின்கீழ் அவர் விண்ணப்பித்தார். அச்சட்டத்திலுள்ள ‘படைவீரர்’ என்னும் சொல் ஆண்பாற்பொருளிலேயே கொள்ளத்தக்கது என்னும் காரணத்தால் 1925இல் அவ்விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. கூமன் ந மான் உறுப்பினரையும் உள்ளடக்கி 1934இல் இயற்றப்பட்ட புதிய சட்டத்தின் பின்னரே, 1938இல், அவருக்கு ஓய்வூதியம் கிடைத்தது. உடலில் குண்டுக் காயங்களுடன் நின்ற ஒருவருக்குப் பால்விகுதியைக் காட்டி மறுப்புரைத்த இந்நிகழ்ச்சி, சொல்லின் பொருள் வரையறை எத்துணை ஆற்றல் வாய்ந்தது என்பதை மொழி ஆய்வாளர்க்கு உணர்த்தவல்லது. ஸ்கின்னிடர் பின்னாளில் பள்ளி ஆசிரியராகப் பணிபுரிந்து, 1956இல் அயர்லாந்துத் தேசிய ஆசிரியர் சங்கத்தின் தலைவரானார்.

பணியகம் தொடங்குமுன் மறைந்தவர்கள் பலர். மார்கிவிச் 1927இல் மறைந்தார். வாக்குரிமைப் போராளி ஹன்னா ஷீஹி ஸ்கெஃபிங்டன் பணியகம் தோன்றுவதற்கு முந்தைய ஆண்டாகிய 1946இல் மறைந்தார். ஹன்னாவுடன் இணைந்து 1908இல் அயர்லாந்துப் பெண்கள் வாக்குரிமைக் கழகத்தை நிறுவிய மார்கரெட் கசின்ஸ் வேறொரு வகையில் அவ்வெல்லைக்கு வெளியே நின்றார். ராஸ்காமன் மாவட்டத்துப் பாயில் என்னும் ஊரில் 1878இல் பிறந்த இவர், வாக்குரிமைப் போராட்டத்தில் 1910இல் லண்டனிலும் 1913இல் டல்லமோரிலும் சிறைப்பட்டார். பணியகத்தின் கால எல்லை தொடங்கும் அதே 1913ஆம் ஆண்டிலேயே அயர்லாந்தை விட்டு நீங்கினார். 1915இல் இந்தியா வந்து, 1917இல் அடையாற்றில் இந்திய மாதர் சங்கம் அமைய முதற்காரணமானார். இந்தியப் பெண்களுக்கு வாக்குரிமை வேண்டி அவ்வாண்டு டிசம்பரில் சென்னையில் மாண்டேகுவைச் சந்தித்த பெண்கள் தூதுக்குழு அவரது முயற்சியால் உருவானது. 1932இல் அவசரச் சட்டங்களை எதிர்த்துப் பேசியமைக்காக வேலூர்ச் சிறையில் அடைக்கப்பட்டார். அவர்தம் வாழ்க்கையை அயர்லாந்து அரசோ ஆங்கில அரசோ வினவி எழுதவில்லை. அவரும் அவர்தம் கணவர் ஜேம்ஸ் கசின்ஸும் மாறி மாறி எழுதிய தன்வரலாறு 1950இல் சென்னையில் வெளியாயிற்று. வினவுவார் இல்லாத நிலையில் கணவன் மனைவியர் இருவரும் ஒருவர்க்கொருவர் சான்றாக நின்று எழுதிய நூல் அது எனலாம்.

4. பணியும் திருமணத் தடையும்

விடுதலை பெற்ற அயர்லாந்தில் பெண்களின் பணிவாழ்வைப் பெரிதும் வடிவமைத்தது திருமணத் தடை என்னும் விதி. அரசுப் பணியிலுள்ள பெண் திருமணம் செய்துகொண்டால் பணியிலிருந்து விலக வேண்டும் என்பது அவ்விதி. 1920களில் அரசுப் பணியில் நிலைபெற்ற இது, தொடக்கப் பள்ளி ஆசிரியைகளுக்கு 1934 முதல் 1958 வரை நடைமுறையில் இருந்தது. 1935ஆம் ஆண்டு வேலை நிலைமைகள் சட்டம் தொழிற்சாலைகளில் பெண்களின் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தும் அதிகாரத்தை அமைச்சருக்கு வழங்கியது. 1937ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 41ஆம் பிரிவு, இல்லத்துள் பெண் வாழும் வாழ்வால் அரசுக்கு விளையும் நன்மையை எடுத்துரைத்தது. 1916இல் போரிட்ட மலோனி 1930களில் தொழிற்சங்கவாதியாக இச்சட்டங்களை எதிர்த்து நின்றார் என்பதும், 1936–37இல் அயர்லாந்துத் தொழிற்சங்கப் பேரவையின் தலைவராக விளங்கினார் என்பதும் நினைவுகூரத்தக்கன.

திருமணத் தடையின் கீழ் வாழ்ந்த சாதாரணப் பெண்களின் குரலைத் திரட்டியவர்கள் கார்க் பல்கலைக்கழகக் கல்லூரியின் ஆய்வாளர்கள் எலிசபெத் கைலி, மாரா லேன் ஆகியோர். கார்க், கெரி, லிமரிக் மாவட்டங்களில் 1930 முதல் 1960 வரை தொழிற்சாலைகளிலும் கடைகளிலும் அலுவலகங்களிலும் வீட்டு வேலையிலும் இருந்த பெண்களுடன் உரையாடி, 2012இல் அவர்கள் நூல் வெளியிட்டனர். இவ்வுரையாடல்களில் ஆய்வாளர் எதிர்பார்த்திராத விடைகள் கிடைத்தன. ஊதிய உறையைப் பிரிக்காமல் தாயிடம் கொடுத்ததைப் பெண்கள் பெருமையுடன் நினைவுகூர்ந்தனர். மணமானவுடன் வேலையை விட்டதை அக்காலத்தில் அநீதியாகக் கருதாதவர் பலர்; அது உலகியல்பு என்றே கொண்டனர்.

இவ்விடை பெண்ணிய ஆய்வாளர்க்கு ஒரு சிக்கலை உண்டாக்குகிறது. விதி அநீதியானது என்பதில் ஐயமில்லை. அதன் கீழ் வாழ்ந்தவர் அதனை அநீதி எனக் கூறவில்லை. இந்நிலையில் அவர்தம் கூற்றை அறியாமை என ஒதுக்குவதும், அதனையே சான்றாகக் காட்டி விதியை ஏற்புடையதாக்குவதும் ஒருங்கே தவறாம். அவர்தம் விடையைப் பின்னைய உலகின் வினாவிற்கு நேர் விடையாகக் கொள்ளாமல், தமக்கு உற்றதை உரைத்ததாகக் கொண்டால் இச்சிக்கல் தளர்கிறது. வேலையினும் ஊதியத்தினும் குடும்பத்தில் தமக்கிருந்த மதிப்பையே அவர்கள் பேசினர். வேலையைத் தமக்குரிய உடைமையாகக் கருதும் வாய்ப்பே அவர்களுக்கு அளிக்கப்படவில்லை என்பது அப்பேச்சினூடே புலனாகிறது.

இத்தடையை வெளிப்படையாக எதிர்த்த தலைமுறை 1970களில் எழுந்தது. 1970இல் டப்ளினில் சிலர் கூடித் தொடங்கிய அயர்லாந்துப் பெண் விடுதலை இயக்கம், 1971இல் பெண்களின் சட்ட நிலையை விளக்கும் சிறு வெளியீடு ஒன்றை வெளியிட்டது. அவ்வாண்டு மார்ச்சுத் திங்களில் இயக்கத்தினர் நாடு முழுவதும் பார்க்கப்பட்ட தொலைக்காட்சி உரையாடல் நிகழ்ச்சியில் பங்கேற்றனர். 22 மே 1971 அன்று பெண்கள் குழு ஒன்று டப்ளினிலிருந்து பெல்ஃபாஸ்டுக்குத் தொடர்வண்டியில் சென்று, தம் நாட்டில் தடைசெய்யப்பட்டிருந்த கருத்தடைப் பொருள்களை வாங்கி வந்து சுங்க அலுவலர் முன் காட்டியது. இக்குழுவில் இருந்த இதழாளர் நெல் மெக்காஃபர்ட்டி 2024இல் மறைந்தார். இயக்கத்தின் நிறுவுநருள் ஒருவரான மோரின் டி பர்கா, மற்றொரு பெண்ணுடன் இணைந்து தொடுத்த வழக்கில், பெண்களை நடைமுறையில் நடுவர் குழுவிலிருந்து விலக்கி வைத்த 1927ஆம் ஆண்டுச் சட்டத்தின் கூறுகள் அரசியலமைப்பிற்கு முரணானவை என உச்ச நீதிமன்றம் 1975இல் தீர்ப்பளித்தது.

அரசின் தரப்பில், தெக்லா பியர் தலைமையில் 1970இல் அமைந்த பெண்கள் நிலை குறித்த ஆணையம் 1972இல் அறிக்கை அளித்தது. பியர் 1959இல் அயர்லாந்து அரசுத் துறை ஒன்றின் செயலராக உயர்ந்த முதல் பெண், மணம் புரியாதவர். அவர் மணம் புரிந்திருப்பின் அப்பதவியை எட்டியிருக்க இயலாது. அவ்வாணையத்தின் பரிந்துரையை அடுத்து 1973இல் அரசுப் பணியில் திருமணத் தடை நீங்கியது.

5. வினவப்படாத விடைகள்

வினா எழுப்பப்படாமலேயே விடைகள் குவிந்த நிகழ்ச்சி ஒன்று 1984இல் நிகழ்ந்தது. அவ்வாண்டு ஜனவரி 31ஆம் நாள் கிரானார்ட் என்னும் சிற்றூரில் ஆன் லவெட் என்னும் பதினைந்து வயது மாணவி, மாதா சிலையருகே தனியே மகவை ஈன்று இறந்தாள். மகவும் இறந்தது. செய்தி வெளியானதும் ஊர் வாய்மூடியது. ஆனால் கே பர்ன் நடத்திய வானொலி நிகழ்ச்சிக்கு நாடெங்கிலுமிருந்து பெண்களின் கடிதங்கள் வரத் தொடங்கின. மணமாகாமல் கருவுற்றமை, மறைவில் ஈன்றமை, மகவைப் பறிகொடுத்தமை என ஐம்பது அறுபது ஆண்டுகளாகக் கணவரிடமும் கூறாதவற்றை அவர்கள் எழுதினர். பிப்ரவரி 1984இல் நிகழ்ச்சி நேரம் முழுவதும் அக்கடிதங்களைப் படிப்பதற்கே ஒதுக்கப்பட்டது. விளக்கவுரை ஏதுமின்றி ஒன்றன்பின் ஒன்றாக அவை வாசிக்கப்பட்டன.

இக்கடிதங்களை எழுதியவர்களிடம் யாரும் எதனையும் வினவவில்லை. ஒரு சிறுமியின் மரணமே வினாவாக நின்றது. அவர்கள் ஒவ்வொருவரும் தமக்கு உற்றதை உரைத்து, அதன்வழி அம்மரணத்திற்கு விடை கூறினர். கேட்போர் இருப்பர் என்னும் உறுதி கிடைத்தவுடன் நெடுங்கால மௌனம் நீங்கக்கூடும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று அரிது.

6. ஆணையத்தின் முன் பெண்கள்

கால்வே மாவட்டத்து டியூம் என்னும் ஊரில் 1925 முதல் 1961 வரை மணமாகாத தாய்மாரும் அவர்தம் குழந்தைகளும் தங்கவைக்கப்பட்ட இல்லம் ஒன்று இயங்கியது. அவ்வூர்ப் பகுதியைச் சேர்ந்த கேத்தரின் கார்லஸ், பல்கலைக்கழகப் பதவி எதுவும் இல்லாதவர். உள்ளூர் வரலாற்றில் ஈடுபாடு கொண்டு, ஊர்மக்களிடம் கேட்டும் பதிவேடுகளைத் தேடியும் அவ்வில்லத்தின் வரலாற்றை எழுதினார். பழைய டியூம் கழகத்தின் இதழில் 2012இல் அவரது கட்டுரை வெளிவந்தது. தொடர்ந்து அவர் தம் சொந்தச் செலவில் இறப்புப் பதிவுகளைத் திரட்டினார். அவ்வில்லத்தில் இறந்த 796 குழந்தைகளின் பெயர்கள் கிடைத்தன; அவர்களுக்கான அடக்கப் பதிவுகள் கிடைக்கவில்லை. 2014இல் இச்செய்தி உலகெங்கும் பரவியது. 2015இல் அரசு விசாரணை ஆணையத்தை அமைத்தது. 2017இல் அவ்விடத்தில் குழந்தைகளின் எலும்புகள் இருப்பது உறுதியாயிற்று. 2025 ஜூலையில் முழு அகழ்வுப் பணி தொடங்கிற்று. சிறிய வட்டாரக் கழகத்தின் இதழில் வெளியான ஒரு கட்டுரை ஒரு நாட்டைத் தலைகுனிய வைத்தது என்பது ஆய்விதழ்களை நடத்துவோரும் எழுதுவோரும் எண்ணிப் பார்க்கத்தக்கது.

ஆணையம் 18 நிறுவனங்களை ஆராய்ந்தது. அதன் இறுதி அறிக்கை ஜனவரி 2021இல் வெளியாயிற்று. அந்நிறுவனங்களில் ஏறத்தாழ 9,000 குழந்தைகள் இறந்தனர் என அது கண்டறிந்தது. அங்கு வாழ்ந்தவர்கள் தம் அனுபவங்களைக் கூறுவதற்கென இரகசியக் குழு ஒன்றும் ஆணையத்தின் உறுப்பாக இருந்தது. அக்குழுவின் முன் ஏறத்தாழ 550 பேர் பேசினர்.

அப்பேச்சிற்கு நேர்ந்தது யாது என்பதே இங்குக் கருதத்தக்கது. அக்குழுவின் முன் கூறியவை ஆணையிட்டுக் கூறியவை அல்ல. குறுக்கு விசாரணைக்கு உட்பட்டவையும் அல்ல. எனவே ஆணையம் தன் முடிவுகளை அவற்றின்மீது நிறுவவில்லை. அவை தனி அறிக்கையில் சுருக்கமாகத் தரப்பட்டன. தாம் கூறியது திரிந்திருக்கிறது என்று அறிக்கையைப் படித்த பெண்கள் பலர் குற்றஞ்சாட்டினர். ஒலிப்பதிவைக் கேட்டு ஒப்பிடலாம் எனின், ஒலிப்பதிவுகள் அழிக்கப்பட்டிருந்தன. கண்டனம் எழுந்த பின்னர்க் காப்புப் படிகளிலிருந்து அவை மீட்கப்பட்டன. ஃபிலோமினா லீ, மேரி ஹார்னி ஆகியோர் தொடுத்த வழக்குகளின் முடிவில், அடையாளம் காணத்தக்க நிலையில் இருந்தவர்களுக்கு அறிக்கையின் வரைவை முன்னதாகக் காட்டாமை ஆணையம் தன் சட்டக் கடமையில் தவறியதாகும் என்பதை அரசு டிசம்பர் 2021இல் உயர் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டது.

1947ஆம் ஆண்டுப் பணியகத்தின் நடைமுறையோடு இதனை ஒப்பிடுதல் பயனுடைத்து. அன்று படைவீரர்களின் உரை தட்டச்சு செய்யப்பட்டு அவர்களிடம் காட்டப்பட்டது, கையொப்பம் பெறப்பட்டது, பெட்டியில் வைத்துக் காக்கப்பட்டது. அறுபது எழுபது ஆண்டுகளுக்குப் பின், தொழில்நுட்பம் வளர்ந்த காலத்தில், தாய்மாரின் உரைக்கு அத்தகைய காப்பு வாய்க்கவில்லை. போரில் பங்கேற்றவர் ‘சாட்சி’ எனப்பட்டார். அவர் கூற்று சான்றாக மதிக்கப்பட்டது. இல்லத்தில் அடைபட்டவரின் கூற்று ‘அனுபவம்’ எனப்பட்டது. ஒரே வகையான நினைவுக்கு இருவேறு பெயரிட்டதிலேயே இருவேறு மதிப்பு அடங்கிவிட்டது.

7. மாற்று வழி

இவ்வுரையாடல்களை வேறு முறையில் நிகழ்த்த இயலும் என்பதற்கும் அயர்லாந்திலேயே எடுத்துக்காட்டு உண்டு. மக்தலீன் சலவையகங்கள் எனப்பட்ட நிறுவனங்களில் பெண்கள் ஊதியமின்றி உழைத்தனர். அவற்றுள் இறுதியானது 1996இல் மூடப்பட்டது. 1993இல் டப்ளினின் ஹை பார்க் மடத்து நிலம் விற்கப்பட்டபோது, அங்குப் புதைக்கப்பட்டிருந்த 155 பெண்களின் உடல்கள் தோண்டி எடுக்கப்பட்டன. தோண்டுவதற்கு முதலில் பெற்ற அனுமதியோ 133 உடல்களுக்கே. எஞ்சிய 22 பேர் கணக்கிலேயே இல்லை. 2013 பிப்ரவரியில் அயர்லாந்துப் பிரதமர் எண்டா கென்னி அரசின் சார்பில் அப்பெண்களிடம் மன்னிப்புக் கோரினார்.

அக்காலத்திலேயே டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரியின் கேத்தரின் ஓ டானல் தலைமையிலான குழு, சலவையகங்களில் இருந்த பெண்களுடனும் அவர்களை அறிந்தோருடனும் உரையாடி முழு எழுத்துப்படிகளை வெளியிட்டது. பெயரை மறைக்க விரும்பியவர்களுக்குப் புனைபெயர் அளிக்கப்பட்டது. இவ்வெழுத்துப்படிகளில் ஆய்வாளரின் வினாவும் பெண்ணின் விடையும் ஒருங்கே உள்ளன. எங்கு வினா தவறியது, எங்குப் பேசியவர் வேறு திசையில் சென்றார் என்பதைப் படிப்போர் தாமே கண்டுகொள்ள இயலும். சுருக்கத்திற்குப் பதில் உரையாடல் முழுமையாகத் தரப்பட்டமையே இத்தொகுப்பின் சிறப்பு.

8. தமிழ்க் களஆய்வு நோக்கில்

தமிழ் நாட்டுப்புறவியல் களஆய்வில் செய்தி தருபவரைத் ‘தகவலாளி’ என்று வழங்குகிறோம். இச்சொல் கலைச்சொல்லாக நிலைபெற்றுவிட்டது. அயர்லாந்து நிகழ்வுகளைக் கண்ட பின் இச்சொல்லை மீண்டும் எண்ணிப் பார்க்க வேண்டியுள்ளது. தகவல் என்பது தருபவரிடமிருந்து பிரிந்து பெறுபவருக்கு உடைமையாகிவிடுவது. அதனைத் தந்தவர் அதன்பின் ஆய்வேட்டின் பின்னிணைப்பில் பெயர், வயது, ஊர், சாதி, தொழில் என ஒரு வரியாகச் சுருங்குகிறார். தாலாட்டும் ஒப்பாரியும் பாடிய பெண்கள் எத்தனை பேர் தம் பாடல் அச்சான நூலைக் கண்டிருப்பர் என்பது நம் துறைகள் தம்மைத் தாமே வினவிக்கொள்ளத்தக்க அறியா வினாவாகும். பாடலைப் பதிவு செய்யும்போது பாடலுக்கு முன்னும் பின்னும் அவர்கள் கூறிய வாழ்க்கைச் செய்திகள் ‘பொருந்தாப் பேச்சு’ என விடப்படுவதும் உண்டு. நன்னூலார் அவற்றை விடைகளாகவே எண்ணி வகைப்படுத்தியிருப்பார்.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வின்வழி அறியலாகும் முடிவுகள் வருமாறு:

அயர்லாந்து அரசு 1947–57 காலத்தில் திரட்டிய சாட்சியுரைகளின் கால எல்லை, பெண்களின் பொதுவாழ்வில் முக்கியமான வாக்குரிமைப் போராட்டத்தையும் உள்நாட்டுப் போரையும் விலக்கியது. மலோனி போன்றோர் தம் விடையால் அவ்வெல்லையின் ஒரு முனையை விரித்தனர்.

திருமணத் தடையின் கீழ் வாழ்ந்த பெண்களின் உரைகள், பின்னைய தலைமுறையின் வினாக்களுக்கு நேர் விடைகளாக அமைவதில்லை. அவற்றை உற்றது உரைத்தலாகக் கொள்வதே பொருத்தமாகும்.

1984ஆம் ஆண்டுக் கடிதங்கள், கேட்போர் உளர் என்னும் உறுதியே பேச்சிற்கு முதற்காரணம் என்பதைக் காட்டுகின்றன.

2021ஆம் ஆண்டு அறிக்கை, பேசியவருக்குத் தம் உரையைத் திரும்பக் காணும் உரிமை மறுக்கப்படும்போது பதிவே அவருக்கு இரண்டாம் இழப்பாகிவிடுகிறது என்பதைக் காட்டுகிறது. வினாவையும் விடையையும் ஒருங்கே முழுமையாக வெளியிடுவதும், எழுதியதைப் பேசியவரிடம் காட்டி இசைவு பெறுவதும், மூலப்பதிவைக் காப்பதும் வாய்மொழி ஆய்வின் அறமாகக் கொள்ளத்தக்கன.

டியூம் இல்லத்தில் இறந்த குழந்தைகளின் பெயர்கள் அரசின் பதிவேடுகளில் எப்போதும் இருந்தன. அவற்றை வினவுவார் இல்லை. ஒரு பெண் சென்று வினவியபோது 796 பெயர்கள் விடையாக வந்தன.